கோர்தினியின் மந்திரமும் சோழவரத்துப் பியட்டும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் வயிற்றுப் பேரன் தான் வாங்கிய பழைய காரை ஓட்டிக்கொண்டு வந்தான். கார் தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் கேட்டது. எங்கள் வீடு கோரிமேட்டில், ஜிப்மருக்குக் கூப்பிடு தூரம். எதிர்வீட்டு அம்மாள் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

"தாத்தா, பின்னாடி இருந்த சைலன்ஸரைக் கழட்டிட்டேன். இப்போ வண்டி சும்மா பறக்குது" என்றான்.

"பறக்குதா, பறக்குற மாதிரி கேக்குதா?" என்று கேட்டேன். அவனுக்குப் பதில் தெரியவில்லை. அன்று அவனிடம் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவோடு சேர்ந்தது என்றாலும், சட்டப்படியான மாற்றம் முடிந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். அந்த இடைக்காலத்தில் பள்ளிக்குப் போன பிள்ளைகள் நாங்கள். பாரிஸ் எங்களுக்குப் பாடப்புத்தகத்துப் பக்கத்து ஊர் மாதிரி. எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பட்டாளத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்தவர் அவர். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் அவர் வாயில் ஒரே பெயர்தான் வரும்: அமெதே கோர்தினி.

கோர்தினி 1899-ல் இத்தாலியில், பொலோஞா நகருக்குப் பக்கத்தில் பிறந்தவர். 1920-களில் பாரிசுக்கு வந்து பட்டறை வைத்தார். அவரிடம் பெரிய பணம் கிடையாது. அதனால் சாதாரண மக்கள் ஓட்டும் சின்னக் கார்களை எடுத்து, அவற்றின் இன்ஜினைத் திருத்திப் பந்தயத்துக்கு விட்டார். பிரெஞ்சுப் பத்திரிகைகள் அவருக்கு வைத்த பெயர் 'லெ சோர்சியே', அதாவது மந்திரவாதி. சிம்கா என்ற பிரெஞ்சு கம்பெனி இத்தாலியின் பியட் கார்களை உரிமம் வாங்கித் தயாரித்துக்கொண்டிருந்தது. அவர்கள் சிம்கா 8 என்று விற்ற கார், உண்மையில் 1937-ல் வந்த பியட் 1100. அந்தக் காரைத் திருத்தி 1939-ல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் தானே ஓட்டி, தன் வகுப்பில் வென்றார் கோர்தினி.

பின்னாளில் உலக சாம்பியன் ஆன அர்ஜென்டினாவின் ஃபாஞ்சியோ, 1948-ல் ஐரோப்பாவுக்கு வந்த புதிதில் ரெய்ம்ஸ் நகரில் ஓட்டியதும் ஒரு சிம்கா-கோர்தினிதான். அதே ரெய்ம்ஸில் 1952 ஜூன் மாதம், பெராரி கார்களை யாராலும் அசைக்க முடியாத அந்த வருஷத்தில், ழான் பெரா என்பவர் கோர்தினி வண்டியில் பெராரிகளை ஜெயித்தார். பிரான்சே தெருவில் இறங்கிக் கொண்டாடியது என்பார் சொல்தா மாமா. ஆனால் பணம் இல்லாதவன் எத்தனை நாள் ஓடுவான்? 1957-ல் கோர்தினி தன் பந்தய அணியை மூடிவிட்டு ரெனோ கம்பெனிக்கு வேலை செய்யப் போனார். 1964-ல் வந்த, நீல நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட ரெனோ 8 கோர்தினியை பிரெஞ்சு இளைஞர்கள் இன்றும் மறக்கவில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த பியட் 1100-ன் இன்ஜின் 1089 சிசி. சிலிண்டரின் விட்டம் 68 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 75 மில்லிமீட்டர். நம் ஊரில் பம்பாய் பிரீமியர் கம்பெனி செய்து, 1970-களில் பத்மினி என்று பெயர் மாற்றிய பியட் காரின் கணக்கும் இதேதான். பாரிஸில் மந்திரவாதி கைவைத்த இன்ஜினின் வாரிசு, இங்கே டாக்டர் வீட்டு வாசலிலும் டாக்ஸி ஸ்டாண்டிலும் நின்றது.

இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. எங்கள் காலத்தில் நாட்டில் பெரும்பாலும் மூன்றே கார்கள்: அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஹெரால்டு சென்னை வண்டலூரில் செய்த வண்டி. அதே ஹெரால்டின் சட்டத்தைக் குட்டையாக்கி, கார்புரேட்டரை இரண்டாக்கி, இங்கிலாந்தில் 1962-ல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை விற்றார்கள். நமக்கு அது வரவில்லை. வெளிநாட்டு வண்டியை இறக்குமதி செய்ய சாதாரண மனிதனால் ஆகாது. ஸ்போர்ட்ஸ் கார் வேண்டுமென்றால் இருப்பதைத்தான் ஸ்போர்ட்ஸ் காராக மாற்றவேண்டும்.

அப்படி மாற்றியவர்கள் கூடிய இடம் சோழவரம். சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டி, இரண்டாம் உலகப்போரின்போது போட்ட விமான ஓடுதளம். 1950-களில் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே வருடா வருடம் பந்தயம் நடத்தியது. 1970-களின் நடுவில் சொல்தா மாமா என்னையும் அழைத்துப் போனார். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. பணக்காரர்களின் வெளிநாட்டுப் பந்தயக் கார்களும் வந்தன. ஆனால் கூட்டம் எழுந்து நின்றது பியட்டும் ஹெரால்டும் ஓடியபோதுதான். நம் வீட்டுக் கார் இப்படியும் ஓடுமா என்ற ஆச்சரியம்!

அந்த பியட்காரர்களில் ஒருவர் கோயம்புத்தூர் கரிவரதன். பஞ்சாலைக் குடும்பத்துப் பிள்ளை, கைவேலை தெரிந்தவர். பிறகு 1988-ல் அவர் ஒரு பெரிய காரியம் செய்தார். மாருதி 800-ன் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜினை எடுத்து ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் வைத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றைக் கட்டினார். அதுதான் ஃபார்முலா மாருதி. உதிரிப்பாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். நடுத்தர வசதி உள்ளவனும் பந்தயம் பழகலாம். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தளம் வந்தது. அங்கே ஃபார்முலா மாருதியில் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதைப் பார்க்கக் கரிவரதன் இல்லை. 1995-ல் சிறு விமானம் ஒன்றில் பறந்தபோது விபத்தில் இறந்துவிட்டார். கோவை செட்டிபாளையத்துப் பந்தயத் தளத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

சரி, இவர்கள் செய்த மந்திரம்தான் என்ன? சோழவரத்தில் இருந்து திரும்பும் வழியெல்லாம் சொல்தா மாமா எனக்குப் பாடம் எடுத்தார். இன்ஜின் என்பது காற்றை இழுத்து வெளியே தள்ளும் ஒரு பம்பு. அதிகக் காற்று போனால் அதிக பெட்ரோல் எரியும், அதிக பலம் வரும். ஆகவே முதலில், ஹெட்டில் காற்று போகும் வழிகளின் சொரசொரப்பை அரம் போட்டு வழவழப்பாக்குவார்கள். அடுத்து ஹெட்டின் அடிப்பக்கத்தை லேசாகச் சீவுவார்கள். பெட்ரோலும் காற்றும் இன்னும் சின்ன இடத்தில் நெருக்கப்பட்டு வேகமாக வெடிக்கும். மூன்றாவது, புகைக்குழாய். நாலு சிலிண்டரும் முறை வைத்து வெடிக்கும்போது ஒவ்வொன்றின் புகையும் ஒரு அலையாக வெளியே பாய்கிறது. கம்பெனி போட்ட வார்ப்பிரும்புக் கூட்டில் இந்த அலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். சிலிண்டருக்கு ஒன்றாக ஒரே நீளத்தில் நாலு குழாய் வைத்து, கீழே கொண்டுபோய்ச் சேர்த்தால், முன்னால் போன அலை பின்னால் வருவதை இழுத்துக்கொண்டு போகும். பலன் அங்கேதான் இருக்கிறது. கடைசியில் தொங்கும் சைலன்ஸரில் பெரிதாக ஒன்றும் இல்லை.

மாமா தன் பியட்டிலேயே இதைச் செய்து பார்த்தார். பென்ஷன் பணத்தில்தான். மெக்கானிக் குழாயில் மணலை இறுக்கி அடைத்து, உலையில் பழுக்கக் காய்ச்சி வளைத்தார். மணல் இருந்தால் குழாய் வளையும்போது நசுங்காது. நாலு குழாயும் பொருந்த ஒரு மாதம் ஆனது. வண்டி உண்மையிலேயே நன்றாக ஓடியது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஹெட்டை இன்னும் கொஞ்சம் சீவச் சொன்னார். அன்றைய பெட்ரோலின் ஆக்டேன் அந்த அழுத்தத்தைத் தாங்காது. நேரத்துக்கு முன்பே வெடிக்கும். திண்டிவனம் சாலையில் ஒரு மத்தியானம் இன்ஜினில் டகடக என்று சத்தம் வந்தது. மாமா காலை எடுக்கவில்லை. பிஸ்டனில் ஓட்டை விழுந்துவிட்டது. வண்டியை லாரியில் கட்டி இழுத்து வந்தோம். அன்று இரவு மாமி அவரோடு பேசவில்லை. இரண்டு வருஷம் அந்த வண்டி கொட்டகையில் நின்றது. "பணம் இல்லாதவன் கணக்குப் பார்த்துச் செய்யணும் தம்பி. கோர்தினி கணக்குப் பார்த்தவர். நான் பார்க்கலை" என்று பிற்பாடு சொன்னார்.

நான் வேலை பார்த்தது வாகனப் பதிவுக் கோப்புகளோடு. 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தையும் பார்த்தேன், 1988 சட்டத்தையும் பார்த்தேன். பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 52-ஆம் பிரிவு. பேரனிடம் அதையும் சொன்னேன். சட்டத்தைச் சொன்னபோது அவன் முகம் சுளித்தான். மாமா கதையைச் சொன்னபோது கேட்டுக்கொண்டான்.

கடைசியாக ஒன்று சொன்னேன்: "இன்ஜினைத் திருத்த ஆசை இருந்தால் திருத்து. அதை ஓட்டக் கோவையிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் தளம் இருக்கு. இந்தத் தெருவழியா ராத்திரி பகல் பாக்காம ஆம்புலன்ஸ் போகுது. உள்ளே படுத்திருக்கிறவங்களுக்கு உன் சத்தம் எதுக்கு?"

அவன் ஒன்றும் பேசவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினான். போன வாரம் மறுபடி வந்தான். வண்டி வந்ததே எனக்குத் தெரியவில்லை. கேட் திறக்கும் சத்தம்தான் கேட்டது. உள்ளே வந்து உட்கார்ந்தவன், "தாத்தா, குழாயில மணல் அடைச்சு வளைச்சாங்கன்னு சொன்னீங்களே, அது எந்த மணல்?" என்று கேட்டான்.