புகையின் உயரம்: காட்டுத்தீப் புகையை விண்ணிலிருந்து தொடர்ந்த வரலாறு

1950 செப்டம்பர் 26 அன்று ஸ்காட்லாந்தில் சூரியன் நீலமாகத் தெரிந்தது. எடின்பரோவில் அதன் நிறமாலையைப் பதிவுசெய்த வானியலாளர் ராபர்ட் வில்சன், ஏறத்தாழ ஒரே பருமன் கொண்ட நுண்துகள்கள் நீல ஒளியைவிடச் சிவப்பு ஒளியை அதிகம் தடுத்ததே காரணம் என மறு ஆண்டில் விளக்கினார். அத்துகள்கள் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா மாகாணங்களில் மாதக்கணக்கில் எரிந்துகொண்டிருந்த சின்சாகா காட்டுத்தீயிலிருந்து வந்தவை. அட்லாண்டிக்கைக் கடந்து அவை வந்த வழியை, ஆங்காங்கே கிடைத்த தகவல்களையும் காற்றுப் பதிவுகளையும் கோத்துப் பின்னோக்கித்தான் கணிக்க முடிந்தது.

செயற்கைக்கோள் வந்ததும் இந்தச் சிக்கல் தீர்ந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவது வழக்கம். அது பாதி உண்மையே. புகை எங்கே இருக்கிறது என்ற கேள்விக்குச் சில பத்தாண்டுகளில் விடை கிடைத்தது. எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற கேள்வி அதைவிட நெடுங்காலம் இழுத்தது, இன்றும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் ஒரு புகைப்படலம் ஊரைக் கடந்துபோகுமா, ஊருக்குள் இறங்குமா, எந்தக் காற்றில் எந்தத் திசைக்குப் போகும் என்பதெல்லாம் இரண்டாம் கேள்வியைப் பொறுத்தவை.

1960 ஏப்ரலில் ஏவப்பட்ட டைரோஸ்-1 முதல் வானிலைச் செயற்கைக்கோள்கள் மேகங்களைப் படமெடுத்து அனுப்பின. வெண்மேகத்துக்கு நடுவே வெளிறிய புகையைப் பிரித்தறிவது அப்படங்களில் கடினம். திருப்பம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1978 அக்டோபரில் நிம்பஸ்-7 சுமந்து சென்ற டாம்ஸ் கருவியின் வேலை ஓசோனை அளப்பது. அதற்குத் துணையாக, ஓசோன் அதிகம் உறிஞ்சாத 340, 380 நானோமீட்டர் புற ஊதா அலைகளையும் அது பதிவுசெய்தது. இந்தத் துணைப் பதிவுகளில் புகையும் பாலைவனத் தூசும் தனித்துத் தெரிவதை நாசாவின் கிறிஸ்டினா சூ, ஜே ஹெர்மன், ஒமர் டாரஸ் முதலியோர் 1996, 1997 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில் நிறுவினர். நிம்பஸின் டாம்ஸ் 1993இலேயே ஓய்ந்துவிட்டது. கருவி மறைந்த பிறகுதான் அதன் பழைய ஏடுகளில் பதினான்கு ஆண்டுப் புகை வரலாறு வாசிக்கப்பட்டது.

அடிப்படை எளிது. காற்று மூலக்கூறுகள் புற ஊதா ஒளியைச் சிதறடிக்கின்றன. கீழேயுள்ள காற்றிலிருந்து சிதறி மேலே வரும் ஒளியைப் புகை உறிஞ்சுகிறது; மேகம் உறிஞ்சுவதில்லை. எனவே மேகத்தின் மேல் மிதக்கும் புகையும் தப்பாது. பலவீனமும் இதிலேயே இருக்கிறது. தரையை ஒட்டிய புகைக்குக் கீழே காற்று குறைவு, ஆகவே அது உறிஞ்சிக் காட்ட ஒளியும் குறைவு. அதே புகை மேலே ஏறினால், இப்பதிவுகளிலிருந்து கணிக்கப்படும் புகைக் குறியீட்டெண்ணும் ஏறும். மக்கள் சுவாசிக்கும் புகை எதுவோ, அதையே இந்தக் கண் குறைவாகக் கண்டது.

1997இன் எல் நினோ வறட்சியில் சுமத்ராவிலும் காலிமந்தானிலும் காடுகளும் சதுப்புக் கரிநிலங்களும் எரிந்தன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த தமிழர்களுக்குப் புகைமூட்டம் என்றால் இன்றும் நினைவுக்கு வரும் ஆண்டு அது. சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. கூச்சிங்கில் காற்று மாசுக் குறியீடு 800ஐத் தாண்டியது. 1996இல் ஏவப்பட்டிருந்த புதிய டாம்ஸ், இப்புகை விரிந்து நகர்ந்ததைத் தொடர்ந்து பதிவுசெய்தது. அப்பதிவுகளை ஆராய்ந்த ஆன் தாம்ஸனும் குழுவினரும் 2001இல் வெளியிட்ட முடிவை நான் இந்த வரலாற்றின் மையமாகக் கருதுகிறேன்: தீயோடு தொடர்புடைய ஓசோன் மாசுப் படலம் கீழிருந்த புகையை விட்டுப் பிரிந்து இந்தியா வரை நீண்டிருந்தது. வெவ்வேறு உயரத்தில் இருப்பவை ஒன்றாகப் பயணிப்பதில்லை. மேலிருந்து எடுத்த தட்டையான படத்தை மட்டும் வைத்துப் புகையின் பயணத்தை எழுதினால் எங்கே வழுக்கும் என்பதை இது காட்டிவிட்டது.

அந்தத் தீக்கு அடுத்த ஆண்டே மறுமுனையிலிருந்து ஒரு செய்தி. 1998 கோடையில் கனடாவின் காட்டுத்தீப் புகை, மழைமேகங்கள் பொதுவாக எட்டாத அடுக்குமண்டலத்தில் இருந்ததை ஆய்வாளர் மைக் ஃப்ரோமும் சகாக்களும் கண்டறிந்தனர். பயன்பட்ட போம், சேஜ் கருவிகளும் ஓசோன் ஆய்வுக்காகப் பறந்தவையே. அவ்வளவு உயரத்துக்குத் துகளை ஏற்ற எரிமலையால்தான் முடியும் என்பது அன்றைய பொதுநம்பிக்கை. தீயின் வெப்பமே இடிமேகத்தை எழுப்பிப் புகையை மேலே தள்ளும் என்று ஃப்ரோம் வாதிட்டார். முன்னர் எரிமலைக் கணக்கில் எழுதப்பட்ட சில படலங்களையும் பிற்பாடு காட்டுத்தீயின் கணக்குக்கு மாற்றினார்.

தீ எரியும் இடத்தைக் காண்பது தனிக் கதை. 1981இல் ஆய்வாளர்கள் மேட்ஸனும் டோஸியரும் 3.7 மைக்ரான் அகச்சிவப்பில் மிகச் சிறிய சூட்டுப்புள்ளியும் தெரியும் என்று காட்டினர். 1999 டிசம்பரில் டெர்ரா செயற்கைக்கோள் ஏறியபின் மோடிஸ் கருவி அதை அன்றாட வேலையாக்கியது. அதே டெர்ராவில் இருந்த மிஸ்ர், ஒன்பது கேமராக்களால் ஒன்பது கோணங்களில் பார்த்து, தீக்கு அருகே எழும் புகைத்தூணின் உயரத்தைக் கணித்தது. 2006 ஏப்ரலில் ஏவப்பட்ட காலிப்ஸோ செயற்கைக்கோள், லேசரைக் கீழ்நோக்கிச் செலுத்தி வளிமண்டலத்தின் குறுக்குவெட்டையே வரைந்தது.

2017 ஆகஸ்டில் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து எழுந்த புகை, கரித்துகள்கள் வெயிலை உறிஞ்சிச் சூடேறியதால் இரண்டு மாதத்தில் 12 கிலோமீட்டரிலிருந்து 23 கிலோமீட்டருக்கு ஏறியது. 2019–20இன் ஆஸ்திரேலியப் புகையில் ஒரு பகுதி ஆயிரம் கிலோமீட்டர் அகலச் சுழலாகத் திரண்டு, 35 கிலோமீட்டர் வரை சென்றது. புகை காற்றின் போக்கில் போகும் வெறும் சரக்கு என்ற எண்ணத்தை இவ்விரண்டும் கைவிடச் செய்தன.

2023 ஜூனில் கியூபெக் காட்டுத்தீயின் புகை நியூயார்க்கில் தரையிறங்கி, காற்றுத்தரக் குறியீட்டை 400க்கு மேல் ஏற்றியது. அதே மாத இறுதியில் ஐரோப்பா வந்த கனடியப் புகை பெரும்பாலும் உயரத்திலேயே கடந்துவிட்டதால், வானம் மங்கியும் தரைக்காற்று அதிகம் கெடவில்லை. மேலிருந்து எடுத்த படத்தில் இரண்டும் புகைதான். அமெரிக்காவின் நோவா நிறுவனத்தில் ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துக் கையால் வரையும் புகை எல்லைகளும் அடர்த்தியை மூன்று தரமாகப் பிரிக்கின்றனவே தவிர உயரத்தைச் சொல்வதில்லை. உயரம் சொன்ன காலிப்ஸோவின் பணி 2023 ஆகஸ்டில் முடிந்தது. 2024 மே மாதம் ஏவப்பட்ட எர்த்கேர் அதே வகை லேசரை மீண்டும் கொண்டுசென்றது. ஆனால் அதுவும் தான் பறக்கும் கோட்டுக்கு நேர்கீழே உள்ள மெல்லிய தடத்தைத்தான் அளக்கிறது. இரு தடங்களுக்கு இடையிலான புகையின் உயரத்தை இன்னும் பெரும்பாலும் கணினி மாதிரிகளே ஊகிக்கின்றன.