ராயபுரம் கடலுக்குள்ளே போன கதை

"அண்ணே, பில்டிங்கைக் காணோம்ணே!"

டிராயிங் ஆபீஸ் பக்கம் போனவங்களுக்கு இந்தக் குரல் பழக்கம். வடிவேலு கிணத்தைத் தேடின மாதிரி ஆளாளுக்குத் தேடுவாங்க. கட்டடத்தோட ஃபைல் தனியா திறந்தா ஜம்முனு இருக்கும். அதையே எண்ணூர் பக்கத்து சைட் சர்வே டிராயிங்குக்குள்ளே ரெஃபரன்ஸா கொண்டுவந்தா மாயம். மென்பொருளைத் திட்டி, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணி, கடைசியில் கட்டடத்தைக் கையாலேயே இழுத்துக்கொண்டு வந்து 'ஏறக்குறைய சரியான இடத்தில்' வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அந்த 'ஏறக்குறைய'வைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க.

கணினித் துறை ஆசாமி இல்லாதவர்களுக்காக ஒரு வரி. ஒரு வரைபடத்தை இன்னொன்றுக்குள் காப்பி அடிக்காமல், கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் காட்டுவதுதான் ரெஃபரன்ஸ். ஆட்டோகேட்டில் இதற்கு எக்ஸ்ரெஃப் என்று பெயர். 1990ல் வந்த ரிலீஸ் 11ல்தான் அது நுழைந்தது. அதற்கு முன்னாலும் இதே வேலை நடந்தது, பாலியெஸ்டர் ஃபிலிமில். தாள்களின் மேல் விளிம்பில் ஒரே இடைவெளியில் துளை போட்டு, மேசையில் பதித்த ஊசிகளில் மாட்டுவார்கள். சுவர் ஒரு தாள், குழாய் ஒரு தாள், மின்சாரம் ஒரு தாள். துளை சரியாக இருந்தால் எல்லாம் பொருந்தும். ஊசி எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம், தொட்டும் பார்க்கலாம். எக்ஸ்ரெஃப்பில் அந்த ஊசி கண்ணுக்குத் தெரியாது. வம்பே அங்கேதான்.

சில்லறைக் காரணங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். லேயர் ஃப்ரீஸ் ஆகியிருக்கும். ஃபோல்டரை யாரோ மாற்றியிருப்பார்கள். 'அட்டாச்' செய்யவேண்டியதை 'ஓவர்லே' என்று சேர்த்திருப்பார்கள். அப்படிச் சேர்த்தது அடுத்த கட்ட ஃபைலில் தெரியாது. கட்டடம் மில்லிமீட்டரிலும் சர்வே மீட்டரிலும் இருந்தால் ஒன்று மற்றதைவிட ஆயிரம் மடங்கு பெரிதாக நிற்கும். இதெல்லாம் பத்து நிமிஷ வேலை.

இவை எதுவுமே இல்லாமல், ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் அடித்தால் திரையின் ஒரு மூலையில் ஒரு புள்ளி, எதிர் மூலையில் இன்னொரு புள்ளி தெரிகிறதா? அப்போதுதான் மேட்டர் சுவாரசியமாகிறது. இரண்டு ஃபைலுக்கும் பூஜ்யம் வேறு வேறு என்று அர்த்தம்.

கட்டடம் வரைகிறவருக்குப் பூஜ்யம் என்பது முதல் தூணின் மூலை. சர்வே எடுப்பவருக்கு? இன்றைய ஜிபிஎஸ் சர்வேக்கள் பெரும்பாலும் யூடிஎம் முறையில் வருகின்றன. 1940களில் அமெரிக்க ராணுவம் உருவாக்கிய முறை அது. அதன்படி நம்மூருக்கு வடக்குத் தூரம் பூமத்திய ரேகையிலிருந்து கணக்கு. எண்ணூர் சுமாராக 14,60,000 மீட்டரில் நிற்கிறது. ஆக, கட்டடம் பூமத்திய ரேகையில் படுத்திருக்கிறது, மனை எண்ணூரில் இருக்கிறது. நடுவே 1460 கிலோமீட்டர். காணாமல் போகாமல் என்ன செய்யும்?

இழுத்துவந்து வைத்தாலும் இன்னொரு வேடிக்கை. கோடுகள் நடுங்கும், வட்டம் கோணலாகும், ஹேட்ச் பிய்ந்துபோகும். ஃபைலுக்குள் எண்கள் 64 பிட்டில் துல்லியமாகத்தான் இருக்கின்றன. திரையில் காட்டும் கிராபிக்ஸ் கணக்கு பல இடங்களில் 32 பிட். அதில் ஏழு இலக்கம் வரைதான் நம்பலாம். 14,60,000 என்ற அளவுள்ள எண்ணுக்கு 32 பிட்டில் அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளி 0.125 மீட்டர். அதாவது பன்னிரண்டரை சென்டிமீட்டர்! 300 மில்லிமீட்டர் தூண் என்ன ஆட்டம் ஆடும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ரெவிட்டில் 20 மைலைத் தாண்டிய வரைபடத்தைக் கொண்டுவந்தால் அதுவே எச்சரிக்கும். மருந்து எளிது: வளாகத்துக்குள் ஒரு கல்லை இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டு, அதன் எண்ணை இரண்டு ஃபைலிலும் எழுதி வைத்துவிட்டு, அதன் அருகிலேயே வரைவது. பழைய ஊசியும் துளையும்தான்.

இது இன்றைய கதை. பழைய மேப்பைக் கொண்டுவந்து அடியில் போட்டால் இன்னும் பெரிய கூத்து.

சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய தாள்களில், விளிம்பில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். இதில் உள்ள தீர்க்கரேகைகள் மெட்ராஸ் அப்சர்வேட்டரியை வைத்துக் கணக்கிட்டவை, பிந்தைய மதிப்புக்குக் கொண்டுவர இவ்வளவு கழிக்க வேண்டும் என்று. 1792ல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய அந்த வானாய்வகம்தான் அன்றைக்கு இந்திய நில அளவைக்கே ஊசி. அது கிரீன்விச்சிலிருந்து எவ்வளவு கிழக்கே என்பதை வானத்தைப் பார்த்துக் கணித்தார்கள். 1890களில் தந்திக் கம்பி வழியாக நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தபோது, புழக்கத்தில் இருந்த மதிப்பு 2 நிமிடம் 27 விநாடி அதிகம் என்று தெரிந்தது. நம்ம அட்சரேகையில் அது சுமார் நாலரை கிலோமீட்டர். குறிப்பைப் படிக்காமல் அந்தத் தாளை இன்றைய படத்தின் மேல் போட்டால், ராயபுரம் ஸ்டேஷன் (1856ல் திறந்தது, தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய இடம்) வங்காள விரிகுடாவில் மிதக்கும்.

அதைச் சரிசெய்த பிறகும் நூறு மீட்டருக்கு மேல் உதைக்கும். இதன் வேர் பரங்கிமலைப் பக்கம். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் அங்கே ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோட்டை நூறடிச் சங்கிலியால் அளந்தார். (அந்தச் சங்கிலி சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகப் போய், அங்கே வேண்டாம் என்று திரும்பி, கடைசியில் நம்ம வெயிலில் காய்ந்தது. அவருடைய அரை டன் தியோடலைட்டைக் கப்பலோடு பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய், பிறகு பெருந்தன்மையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். இதற்கெல்லாம் தனிப் பதிவே போடலாம்.) அங்கே தொடங்கிய அளவையிலிருந்து, லாம்டனுக்குப் பின்வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் பூமியின் வடிவத்தைக் கணித்தார். எவரெஸ்ட் 1830 என்ற அந்த உருண்டை இந்தியாவுக்குப் பொருந்தும்படி வெட்டித் தைத்த சட்டை. ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 உலகம் முழுமைக்கும் தைத்தது. ஒரே இடத்துக்கு இரண்டிலும் எண் வேறு. 2005ன் தேசிய வரைபடக் கொள்கை வந்தபிறகுதான் பொதுமக்களுக்கான தாள்கள் டபிள்யூஜிஎஸ் 84க்கு மாறின. எனவே 'பழைய டோபோ ஷீட்' என்று யாராவது நீட்டினால் எந்தச் சட்டை என்று முதலில் கேளுங்கள்.

உயரத்திலும் இதே தகராறு. நிலத்தில் அளப்பவர்கள் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து அளக்கிறார்கள். 1909ல் ஒன்பது துறைமுகங்களின் அலைமானிகளை வைத்து நிர்ணயித்தது அது, மெட்ராஸும் அதில் ஒன்று. துறைமுகத்துக்காரர்களோ தாழ்ந்த நீர்மட்டத்தை ஒட்டிய சார்ட் டேட்டத்திலிருந்து ஆழம் சொல்வார்கள். கப்பலின் அடிவயிறு தட்டாமல் இருக்க அதுதான் நல்லது. சென்னையில் இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் அரை மீட்டர். கரையில் நிற்கும் பம்ப் ஹவுஸ் மாடலைத் துறைமுக மாடலுக்குள் கொண்டுவரும்போது, தரை அரை மீட்டர் மிதந்தால் அது திரையின் கோளாறு கிடையாது.

இவ்வளவையும் சரிசெய்துவிட்டீர்கள். இப்போதும் திருவொற்றியூர் பக்கம் பழைய தாளின் கரை ஓரத் தெருக்கள் தண்ணீருக்குள் தெரிகின்றனவா? கையை எடுங்கள், எதையும் இழுக்காதீர்கள். இந்தத் தடவை படம் சொல்வது நிஜம்.

மெட்ராஸ் துறைமுகச் சுவர்கள் 1876ல் எழும்ப ஆரம்பித்தன. 1881 புயல் அடித்து நொறுக்கியது, திரும்பக் கட்டினார்கள். இந்தக் கரையில் மணல் வருஷக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் குறுக்கே நின்றதும் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடல் தின்றுகொண்டே போனது. தெருக்கள், மீனவர் வீடுகள், சாலை எல்லாம். கல்லைக் கொட்டினார்கள், 2000களில் தூண்டில் வளைவுகள் போட்டார்கள். நாம் மெரினாவில் சுண்டல் சாப்பிட்ட மணல் யார் வாசலில் இருந்து நின்றுபோனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் 'ஏறக்குறைய' கொலை செய்கிறது. ஒரு டிராஃப்ட்ஸ்மேன் பழைய தாளின் கரைக்கோட்டை இன்றைய கரைக்கோட்டின் மேல் இழுத்து ஒட்டவைத்தால், படம் அழகாகப் பொருந்திவிடும். அந்த ஒரு இழுப்பில், கடல் கொண்டுபோன அத்தனை வீடும் சத்தமில்லாமல் கரைக்கு ஏறிவிடும். 'இங்கேதாங்க எங்க வீடு இருந்துச்சு' என்று ஒரு பாட்டி கடலைக் காட்டினால், உங்கள் டிராயிங் அவரைப் பொய்யாக்கும். பொருத்துவதென்றால் நகராத புள்ளிகளை எடுங்கள். திருவொற்றியூர் தியாகராஜர் கோயில், ராயபுரம் ஸ்டேஷன் கட்டடம், பழைய தாளிலும் இன்றைய சர்வேயிலும் இருக்கும் ஏதாவது கல் கட்டடம். அவற்றைப் பூட்டிவிட்டு, கரையை அதன் போக்கில் விட்டுவிடுங்கள். மிச்சம் இருக்கும் வித்தியாசம்தான் இழப்பின் அளவு.

எண்ணூர்க் கழிமுகத்தில் நடந்தது இன்னும் விசேஷம். கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்துக்காக 1996ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த வரைபடத்தில் கழிமுகம் முழுசாக இருக்கிறது, கட்டடம் கட்டக்கூடாத பகுதியாக. அடுத்த வருஷத்தது என்று சொல்லப்பட்ட இன்னொரு வரைபடத்தில் அதன் பெரும்பகுதியையே காணோம். ஆறாயிரம் ஏக்கருக்கு மேல்! சூழல் ஆர்வலர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, 2017ல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். ஒப்புதல் பெற்றது 1996ன் வரைபடம்தான் என்பது மத்திய அமைச்சகத்தின் பதில்.

லேயர் ஃப்ரீஸ் ஆகியிருந்தால் ஒரு கிளிக்கில் திரும்ப வந்துவிடும். அழித்துவிட்டு சேவ் பண்ணிய ஃபைலில் எதுவும் வராது. பழைய ஃபைலை யாராவது பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கழிமுகத்துக்கு அந்தப் பழைய ஃபைல் 1996ன் தாள். அதற்குள்ளேயே நிஜமான கழிமுகத்தில் சாம்பல் ஏகத்துக்கும் படிந்துவிட்டது என்பது வேறு கதை, அதை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.