அச்சும் யந்திரமும்: முப்பது பிரதிகளின் கதை

தமிழில் ‘அச்சு’ என்னும் சொல்லுக்குப் பொருள்கள் பல. வண்டிச் சில்லைத் தாங்குவது ஓர் அச்சு. பலகாரம் சுடுவதற்கு மாவில் தோய்ப்பது இன்னோர் அச்சு. உலோகத்தை உருக்கி வார்ப்பது வேறோர் அச்சு. புத்தகம் பதிப்பது மற்றோர் அச்சு. முதலாவதை விலக்கிப் பார்த்தால், ஏனைய மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஓர் உருவத்தைத் தன்னுள் வைத்திருந்து, அதனை மீண்டும் மீண்டும் பிறப்பிக்கின்றன.

பெயரிலேயே அச்சைத் தாங்கிய ஊர் ஒன்று வலிகாமம் கிழக்கில் உண்டு. அச்சுவேலி என்னும் அவ்வூரின் பெயர் எப்படி வந்தது என்ற ஆராய்ச்சி இங்கே வேண்டியதில்லை. ஆனால் அவ்வூரில் ச. தம்பிமுத்துப்பிள்ளை நடத்திய அச்சகத்தின் பெயரைக் குறிப்பிடாமல் இக்கட்டுரையைத் தொடர முடியாது. ஞானப்பிரகாச யந்திரசாலை என்பது அதன் பெயர். அக்காலத்தில் அச்சகத்தை ‘யந்திரசாலை’ என்றே அழைத்தனர். ஆறுமுக நாவலரின் அச்சகமும் வித்தியாநுபாலன யந்திரசாலைதான். சுவாமி ஞானப்பிரகாசரின் ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ 1928இல் அச்சுவேலியிலேயே அச்சேறியது. கத்தோலிக்க நாட்டுக்கூத்து நூல்களும் அங்கிருந்து வெளிவந்தன. பெருநகரத்துப் பதிப்பாளர் எவரும் ஏறெடுத்துப் பார்த்திராத நூல்கள் அவை. சில நூறு வாசகருக்காக, ஒரு சிற்றூரில், கையால் எழுத்துக் கோத்து அச்சிடப்பட்டவை.

அந்நூல் வெளிவருவதற்கு ஓராண்டு முன்னர், 1927 ஜனவரியில், பேர்லின் நகரில் ‘மெற்றோபொலிஸ்’ என்னும் மௌனப்படம் திரையிடப்பட்டது. பிரிட்ஸ் லாங் இயக்கிய அப்படத்தில் வரும் பெண்ணுருவ யந்திரத்தையே திரையுலகின் மிகப் புகழ்பெற்ற முதல் றோபோ எனலாம். அச்சுவேலிக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கக்கூடும். நேரடித் தொடர்பு எதுவுமில்லை. ஆனால் இரண்டும் ஒரே கேள்வியை எழுப்புகின்றன: சிலருக்காகச் செய்யப்படும் ஒரு பொருள் எத்தனை காலம் நிலைக்கும்?

‘றோபோ’ என்ற சொல்லின் பிறப்பை முதலில் பார்ப்போம். செக் நாட்டு எழுத்தாளர் கரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட ‘ஆர்.யூ.ஆர்.’ என்னும் நாடகமே அதனை உலகுக்குத் தந்தது. சொல்லைச் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய சகோதரர் யோசெப். கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்து அது பிறந்தது. இங்கே பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. சாப்பெக்கின் றோபோக்கள் இரும்பாலானவை அல்ல. தொட்டியில் மாப்போலக் குழைத்த இரசாயனக் கலவையிலிருந்து உருவாக்கப்பட்டவை.

மெற்றோபொலிஸ் றோபோவும் உலோகமன்று. வால்ற்றர் சூல்ட்செ-மிற்றன்டோர்ப் என்னும் சிற்பி அதனைச் செய்தார். நடிகை பிரிகிற்றே ஹெல்மின் உடலைச் சாந்தில் அச்செடுத்து, அவ்வச்சின்மீது மரத்தூள் கலந்த ஒருவகைப் பசையைப் பரப்பி, காய்ந்தபின் செதுக்கித் துண்டு துண்டான கவசமாக்கினார். பின்னர் வெள்ளிநிற உலோகத்தூள் கலந்த மெருகுநெய்யைத் தெளித்தார். திரையில் நாம் காணும் பளபளப்பு முழுவதும் வர்ணத்தின் வித்தையே. அச்செடுத்தல், துண்டுகளைப் பொருத்துதல், வர்ணம் பூசுதல் என்னும் மூன்று படிகளும் அன்றே அமைந்துவிட்டன. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளின் பின்னர் யப்பானிய இளைஞர்கள் தம் வீடுகளில் செய்ததும் இதனையே.

1980 யூலையில் பண்டாய் நிறுவனம் ‘கண்டாம்’ தொலைக்காட்சித் தொடரின் றோபோக்களைப் பிளாஸ்ரிக் பொதிகளாக வெளியிட்டது. உருக்கு அச்சில் பிளாஸ்ரிக்கைப் பீச்சி வார்க்கும் தொழில்நுட்பம் அது. உருக்கு அச்சு ஒன்றைச் செய்யப் பெருஞ்செலவாகும். செய்தபின் இலட்சக்கணக்கில் வார்க்கலாம். ஆகவே, இலட்சக்கணக்கில் விற்கக்கூடிய உருவங்களுக்கே அவ்வச்சு கிடைத்தது. பழைய படமொன்றில் சில நிமிடம் தோன்றிய றோபோவை நேசித்தவனுக்குக் கடையில் எதுவும் இல்லை.

அவன் தானே செய்துகொள்ளத் தொடங்கினான். களிமண்ணிலோ புட்டியிலோ உருவத்தைச் செதுக்கி, சிலிக்கன் இறப்பரை அதன்மேல் ஊற்றி அச்செடுத்து, இரு திரவங்களைக் கலந்தவுடன் சில நிமிடங்களில் இறுகிவிடும் பொலியூரிதேன் றெசினை அதனுள் வார்த்தான். வாகனக் கொட்டகையில் செய்யப்படுவது என்னும் பொருளில் இவை ‘கராஜ் கிற்’ எனப்பட்டன. 1964இல் ஒசாகாப் பகுதியில் சிறு மாதிரிப்பொருட் கடையாகத் தொடங்கிய கையோடோ இத்துறையில் முன்னணிக்கு வந்தது. ஜெனரல் புறொடக்ற்ஸ் என்னும் இன்னொரு குழு, இத்தகைய பொதிகளைச் செய்தவரே நேரில் விற்பதற்கு ‘வொண்டர் பெஸ்ரிவல்’ என்ற சந்தையை 1980களின் நடுப்பகுதியில் தொடக்கியது. பின்னர் அது கையோடோவின் கைக்கு மாறியது. அச்சந்தைக்கென்றே ஒரு விசித்திர ஏற்பாடு உருவாயிற்று. உருவத்தின் உரிமையாளர், அந்த ஒரு நாளைக்கு மட்டும், அந்த ஓர் இடத்தில் மட்டும் விற்க அனுமதி கொடுப்பார்.

எண்ணிக்கை ஏன் சிறிது? காரணம் இரசாயனத்தில் இருக்கிறது. றெசின் இறுகும்போது சூடாகிறது. ஒவ்வொரு வார்ப்பும் இறப்பர் அச்சைச் சிறிது சிறிதாக அரிக்கிறது. இருபது, முப்பது வார்ப்புகளின் பின் நுண்ணிய கோடுகள் மழுங்கி, மெல்லிய பகுதிகள் கிழிந்துவிடுகின்றன. மிகக் கவனமாகக் கையாண்டால் ஐம்பதைத் தொடலாம். அச்சே தன் ஆயுளை நிர்ணயிக்கிறது. நம் சுவாமிமலைச் சிற்பிகளின் மெழுகு வார்ப்பில் ஓர் அச்சுக்கு ஒரே படிமம்தான். எடுப்பதற்கு அச்சை உடைத்தாகவேண்டும். உருக்கு அச்சுக்கு இலட்சம். இரண்டுக்கும் இடையே நிற்கிறது இந்த முப்பது.

மெற்றோபொலிஸ் றோபோவையும் இவ்வாறு சிறு தயாரிப்பாளர் பலர் வார்த்திருக்கின்றனர். அத்தகைய பொதியொன்றைப் பிரித்தால், பாலேட்டின் நிறத்தில் பத்துப் பதினைந்து துண்டுகள் இருக்கும். உடனே ஒட்டத் தொடங்குபவன் தோற்பான். அச்சிலிருந்து இலகுவாகக் கழல்வதற்காகப் பூசிய எண்ணெய்ப்பொருள் துண்டுகளில் படிந்திருக்கும்; அதன்மேல் வர்ணம் நிற்காது. எனவே முதல்வேலை, சவர்க்கார நீரில் கழுவி உலர்த்துவது. வளைந்துபோன துண்டைச் சுடுநீரில் இட்டு இளக்கி நிமிர்த்தலாம். காற்றுக்குமிழி விட்ட துளைகளைப் புட்டியால் அடைக்கவேண்டும். மிகுந்த விளிம்புகளை வெட்டியபின் அரத்தாளை நனைத்துத் தேய்க்கவேண்டும். உலரத் தேய்த்தால் எழும் தூள் நுரையீரலுக்குக் கேடு. முகமூடி அவசியம்.

சாதாரண பிளாஸ்ரிக் ஒட்டுப்பசை இங்கே உதவாது. அது பிளாஸ்ரிக்கைக் கரைத்து இணைப்பது. இந்த றெசின் அதில் கரையாது. கணத்தில் ஒட்டும் பசையோ எப்பொக்சியோ வேண்டும். அவையும் பாரத்தைத் தாங்கா என்பதால், கணுக்கால், தோள் முதலிய மூட்டுகளில் துளையிட்டுப் பித்தளைக் கம்பியைச் செருகுவர். வெளியே தெரியாத அந்தக் கம்பியே உருவத்தை நிற்கவைக்கிறது.

அடுத்து வர்ணம். முதலில் சாம்பல்நிற அடிப்பூச்சு. அதுவரை கண்ணுக்குத் தப்பிய கீறல்கள் எல்லாம் அப்போது தெரியவரும். மறுபடி தேய்த்து, மறுபடி பூசவேண்டும். உலோகநிறம் எந்தக் குறையையும் மன்னிப்பதில்லை. அதன்பின் பளபளப்பான கறுப்பு. அதன்மேல் காற்றுத்தூரிகையால் மெல்லிய படலங்களாக உலோக வர்ணம். இறுதியில் நீர்த்த கருமையைப் பள்ளங்களில் ஓடவிட்டால் கவசத்தின் பொருத்துகள் துலங்கும்.

ஆனால் எந்த உலோகம்? படம் கறுப்பு வெள்ளை. சிலர் வெள்ளியாகவும் சிலர் பொன்னாகவும் சிலர் வெண்கலமாகவும் தீட்டுகின்றனர். மூல உருவத்தைப் பார்த்துத் தெளியலாமென்றால், படத்துக்காகச் செய்த அவ்வுருவம் இன்றில்லை. சிற்பியே பல பத்தாண்டுகளின் பின்னர், பாரிசிலுள்ள திரைப்படக் காப்பகத்துக்காக ஒரு நகலைச் செய்துகொடுத்தார். தன் கைவேலையைத் தானே நினைவிலிருந்து மீட்ட அரிய நிகழ்வு அது.

படத்தின் கதியும் அதுவே. முதற்காட்சிகளின் பின்னர் வெட்டிக் குறுக்கப்பட்டதால் அதன் கணிசமான பகுதி அழிந்துபோனதாகவே கருதப்பட்டது. 2008இல் ஆர்ஜென்ரீனாவின் புவனஸ் அயர்ஸ் நகரில் கீறல் விழுந்த 16 மில்லிமீற்றர் பிரதியொன்று வெளிப்பட்டது. அதைக்கொண்டு சீரமைத்த வடிவம் 2010இல் திரையிடப்பட்டது. பிறந்த ஊரில் அழிந்தது, கடல்கடந்த ஊரில் பிழைத்திருந்தது.

நமக்கு இது புதிய கதையன்று. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டு ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தன. அவற்றுள் உலகின் வேறு நூலகங்களிலும் கிடைக்கக்கூடிய பெருநூல்கள் இருந்தன. அவற்றை மீண்டும் வாங்கலாம். உள்ளூர் அச்சகங்களின் சிறுபதிப்புகளை எங்கே வாங்குவது? அவற்றின் ஈய எழுத்துகள், அச்சிட்டு முடிந்தவுடன் கலைக்கப்பட்டு அடுத்த நூலுக்குக் கோக்கப்பட்டுவிட்டன. இறப்பர் அச்சைப்போல அவ்வச்சும் ஒருமுறைதான். பிழைத்தவை, எவரோ ஒருவர் தம் வீட்டு அலுமாரியில் வைத்திருந்த பிரதிகள். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிமத் திட்டம் அத்தகைய பிரதிகளைத் தேடித்தேடிப் பதிவுசெய்து வருகிறது.

றெசின் உலகிலும் இன்று கணினியில் செதுக்கி முப்பரிமாணமாக அச்சிடும் முறை வந்துவிட்டது. அங்கே இறப்பர் அச்சு தேவையில்லை. கோப்பு இருக்கும்வரை உருவமும் இருக்கும். அதேவேளை, விற்கப்பட்ட பொதியையே மூலமாக வைத்துத் திருட்டு வார்ப்புச் செய்வோரும் பெருகினர். வார்ப்பிலிருந்து வார்ப்பெடுக்கும்போது உருவம் ஒவ்வொரு தலைமுறைக்கும் சற்றே சுருங்கி, விளிம்புகள் மழுங்கும். செய்தவனுக்குப் பணமும் இல்லை; வாங்கியவனுக்கு முழு உருவமும் இல்லை.

‘முந்நூறு பிரதிதானே’ என்று நம் எழுத்தாளர்கள் சலித்துக்கொள்வதை ரொறன்ரோவிலும் இலண்டனிலும் கொழும்பிலும் கேட்கிறோம். விற்பனைக் கணக்கில் அது சிறிய எண்ணே. ஆயினும் தம்பிமுத்துப்பிள்ளையின் யந்திரசாலை இலட்சத்தை எதிர்பார்த்து எழுத்துக் கோக்கவில்லை. முந்நூறில் ஒன்று எந்த ஊரில், எவருடைய அலுமாரியில் பிழைக்கும் என்பதை அச்சிட்டவர் முன்கூட்டி அறிய முடியாது. உங்கள் வீட்டில் அச்சுவேலிப் பதிப்பு ஏதேனும் இருந்தால், கறையான் அரிக்குமுன் அதனைப் பதிவுசெய்ய ஒருவரிடம் கொடுங்கள்.