கணக்கில் தோற்ற கைவினைஞர்

ஒரு மரப்பெட்டி, ஒரு நீண்ட பலகை, நான்கு தந்திகள். இவை இருந்தால் மாண்டலின் அளவில் ஒரு சிறு தந்திக் கருவியை நீங்களே செய்துவிடலாம். பெட்டியில் துளையிடுவதும் பலகையைப் பொருத்துவதும் எளிது. ஆனால், விரல்கள் ஓடும் அந்தப் பலகையில் மெட்டுகளை எங்கெங்கே பதிப்பது? வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் அமர்ந்திருப்பதால், காதால் கேட்டு நகர்த்திச் சரிசெய்யலாம். மரத்தில் இறுக்கிவிட்ட மெட்டை அப்படி நகர்த்த முடியாது. முன்கூட்டியே இடம் தெரிந்தாக வேண்டும்.

இழுவிசை மாறாத தந்தியின் அதிர்வெண் அதன் நீளத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்பதைச் சோனாமீட்டர் சோதனையில் படித்திருப்பீர்கள். நீளம் பாதியானால் ஒலி ஒரு ஸ்தாயி உயரும். அந்த ஸ்தாயியைச் சமமான 12 படிகளாகப் பிரிக்க, ஒவ்வொரு படியிலும் அதிர்வெண்ணை 2-இன் பன்னிரண்டாம் மூலத்தால், அதாவது ஏறத்தாழ 1.0595 ஆல் பெருக்க வேண்டும். சீன இளவரசர் சூ சாய்யூ 1584-இலேயே இந்த எண்ணைக் கணக்கிட்டிருந்தார். ஆனால், உளியும் அளவுகோலும் ஏந்திய தொழிலாளிக்குப் பன்னிரண்டாம் மூலம் எதற்கு உதவும்?

அவருக்கு ஓர் எளிய வழியை 1581-இல் வெளியான நூலில் எழுதியவர் வின்சென்சோ கலிலி. இவர் இத்தாலிய லூட் கலைஞர். விஞ்ஞானி கலிலியோவின் தந்தை. எஞ்சியுள்ள தந்தி நீளத்தில் 18-இல் ஒரு பங்கைத் தள்ளி அடுத்த மெட்டை வையுங்கள் என்பதே அவர் விதி. 36 செ.மீ. தந்தியில் முதல் மெட்டு 2 செ.மீ. தள்ளி வரும், அடுத்தது 34-இல் 18-இல் ஒரு பங்கு. இப்படிப் பன்னிரண்டு முறை செய்தால் 18 செ.மீ. மிஞ்ச வேண்டும். மிஞ்சுவதோ 18.13 செ.மீ. மெட்டின் மேல் அழுத்தும்போது தந்தி சற்று இழுபட்டுச் சுருதி கூடுவதால், இந்தப் பிழையில் ஒரு பகுதி தானே ஈடாகிவிடுகிறது. ஆனால், சிறு பிழை படிக்குப் படி சேர்ந்துகொண்டே போகிறது.

1743-இல் ஸ்வீடன் நாட்டின் டேனியல் ஸ்ட்ரேலே என்னும் இசைக்கருவிக் கைவினைஞர், தந்தி நீளங்களைக் காண ஒரு புதிய வழியை ஸ்வீடிஷ் அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் எழுதினார். அதில் மூலமும் இல்லை, வகுத்தலும் இல்லை. ஒரு படம் மட்டுமே. நீங்களும் வரைந்து பாருங்கள்.

ஓர் அலகு 1.5 செ.மீ. என்று கொள்வோம். கச என்னும் அடிப்பக்கம் 12 அலகு, அதாவது 18 செ.மீ. மற்ற இரு பக்கங்களும் 24 அலகு, அதாவது 36 செ.மீ.; அவை ட என்னும் உச்சியில் கூடட்டும். அடிப்பக்கத்தைப் 12 சம பாகங்களாக்கி, ஒவ்வொரு புள்ளியையும் ட-வுடன் சேருங்கள். இனி கட என்னும் பக்கத்தில் க-விலிருந்து 7 அலகு, அதாவது 10.5 செ.மீ. தொலைவில் த என்று குறியுங்கள். ச-வையும் த-வையும் சேர்த்து, அதே அளவு மேலும் நீட்டி ப-வில் முடியுங்கள். சப-தான் உங்கள் தந்தி. நீளம் ஏறத்தாழ 36.9 செ.மீ. ச மேரு, ப குதிரை. உச்சியிலிருந்து வரும் கோடுகள் சத-வை வெட்டும் 11 இடங்களும் மெட்டுகளின் இடங்கள். பன்னிரண்டாவது மெட்டு த-விலேயே அமையும்.

இது எவ்வளவு சரி? அதைச் சோதிக்க முன்வந்தவர், கழகத்தின் முதல் உறுப்பினர்களில் ஒருவரும் கணிதம் வல்லவருமான யாக்கோப் ஃபாகட். திரிகோண கணிதத்தால் நீளங்களைக் கணக்கிட்டு, பிழை 1.7 விழுக்காடு வரை போகிறது என்று ஸ்ட்ரேலேயின் கட்டுரையுடனேயே வெளியிட்டார். இது அரைச்சுர இடைவெளியில் கால் பங்குக்கும் மேல். எந்தக் காதும் பொறுக்காது. படித்தவர் சொல்லை எதிர்த்துக் கேட்பார் யார்? ஸ்ட்ரேலேயின் முறை ஒதுக்கப்பட்டது.

214 ஆண்டுகள் கழிந்தன. 1957-இல் அமெரிக்க இசையியல் பேராசிரியர் ஜே. மர்ரே பார்பர் அந்தப் பழைய கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். ச-வில் உள்ள கோணம் உண்மையில் சுமார் 33½ பாகை. ஃபாகட் சுமார் 40 பாகை என்று எடுத்திருந்தார்! பிழை படத்தில் இல்லை. சோதித்தவரின் கணக்கில் இருந்தது. திருத்திப் பார்த்தால் ஸ்ட்ரேலே முறையின் மிகப் பெரிய பிழை 0.15 விழுக்காடுதான். நம் சிறு கருவியில் அது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு.

இதை நீங்களே சரிபார்க்கலாம். அடிப்பக்கத்தில் ச-விலிருந்து பாதி தூரம் சென்றால் ஆறாவது மெட்டு. வடிவ கணிதப்படி அங்கே எஞ்சும் தந்தி, முழு நீளத்தில் 29/41 பங்கு, அதாவது 0.7073. இருக்க வேண்டியது 0.7071.

ஃபாகட் மனமறிந்து தவறு செய்தவர் அல்லர். எவருக்கும் கணக்குத் தவறும். ஆனால், ஒரு பாகைமானியைக் கோணத்தின் மேல் வைத்திருந்தால் ஒரே நிமிடத்தில் தவறு வெளிப்பட்டிருக்கும். இரு நூற்றாண்டுகளாக அதை எவரும் திருத்தவில்லை. கணிதம் கற்றவர் சொன்னதால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார்கள்.

ஆகவே, நேராகக் காய்ந்த கெட்டியான பலகையாகத் தேர்ந்தெடுத்து, அளவுகோலையும் கவராயத்தையும் எடுங்கள். படத்தை வரைந்து மெட்டுகளைக் குறியுங்கள். இக்கட்டுரையில் உள்ள எண்களையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டே இரம்பத்தைக் கையிலெடுங்கள்.