அரசே துரை, அரசே நடுவர்: நேட்டாலில் ரயில்வேயும் குடியேற்றமும் நீதிமன்றமும்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன தமிழரின் வரலாறு பெரும்பாலும் கரும்புத் தோட்டத்தின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. சென்னையிலிருந்து சென்ற ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் ஆட்களை இறக்கியதில் தொடங்கி, தோட்டத்துரை, சர்தார், சவுக்கடி என்று அது நகரும். கொடுமை செய்பவர் தனியார் துரை. அரசோ சட்டம் போட்டுவிட்டு அதை ஒழுங்காக அமல்படுத்தத் தவறிய மூன்றாம் தரப்பு. நேட்டால் அரசு ரயில்வேயை உள்ளே கொண்டுவந்தால் இந்தச் சித்திரம் நிற்காது. அங்கே துரையே அரசுதான்.

ஒப்பந்தத் தொழிலாளருக்கென ஏட்டில் இருந்த பாதுகாப்புகள் பலிக்காமல் போனதற்கு அதிகாரிகளின் அலட்சியத்தையும் இனவெறியையும் காரணம் காட்டுவது வழக்கம். இரண்டும் இருந்தன, மறுப்பதற்கில்லை. அவற்றுக்கு அடியில் அமைப்பு சார்ந்த காரணம் ஒன்றும் உண்டு என்பது இக்கட்டுரையின் வாதம். ஆளை வரவழைத்த துறையும், வேலை வாங்கிய துறையும், அவன் முறையீட்டைக் கேட்ட துறையும் ஒரே கருவூலத்தில் சம்பளம் வாங்கின.

டர்பன் துறைமுகமுனைக்கும் நகருக்கும் இடையே இரண்டு மைல் தூரத்துக்கு முதல் ரயில் ஓடியதும் 1860-ல்தான், ட்ரூரோ வருவதற்குச் சில மாதம் முன்பு. தனியார் கம்பெனியின் அந்தச் சிறு பாதையை 1877-ல் அரசு எடுத்துக்கொண்டது. பிறகு வேகம் கூடியது: 1880-ல் பீட்டர்மாரிட்ஸ்பர்க், 1886-ல் லேடிஸ்மித், 1891-ல் எல்லையோரச் சார்ல்ஸ்டவுன், 1895-ல் ஜோகனஸ்பர்க். டிரான்ஸ்வாலில் தங்கம் கிடைத்த பின் அங்கே போகும் சரக்கின் கட்டணமும் சுங்கமும் நேட்டாலின் வரவில் பெரும்பங்காயின. பாதை வடக்கே போனதும் டண்டீ, நியூகாசில் பகுதி நிலக்கரி கடலுக்கு வழி கண்டது. சுரங்கங்களும் ஒப்பந்த ஆட்களைக் கேட்டன. ஆக, ரயில்வே தானே ஆள் எடுத்ததோடு, ஆள் கேட்கும் புதிய முதலாளிகளையும் உண்டாக்கிற்று. தோட்டத்துரைகளின் நெருக்குதலே குடியேற்றக் கொள்கையை வகுத்தது என்பவர்கள் இந்தச் செலவு வரவுக் கணக்கைப் போதிய அளவு பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

1860 முதல் 1911 வரை ஒப்பந்தத்தில் போனவர்கள் ஏறத்தாழ 1,52,000 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். கப்பல் பதிவேடுகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி உண்டு. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உயரம், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம், கடைசியில் யாருக்கு ஒதுக்கப்பட்டார் என்பது. வடாற்காட்டுக்காரர் ஒருவரின் பெயரை எழுத்தர் எப்படிச் சிதைத்திருந்தாலும், இடது முழங்காலுக்குக் கீழே உள்ள தழும்பு மட்டும் சரியாகப் பதிவாகியிருக்கும். ஓடிப்போனால் பிடிக்க உதவுவது அதுதானே. முதலாளியின் பெயர் வரும் அந்தக் கடைசிக் கட்டத்தில் பல வரிகளில் ரயில்வேயின் பெயர் நிற்கிறது. ஆள் இறக்கும் துறை எழுதிய ஏட்டில், ஆள் வாங்குபவராக அதன் உடன்பிறந்த துறை.

1866-ல் நின்றுபோன குடியேற்றத்தை மறுபடி தொடங்க நேட்டால் விரும்பியபோது, ஊர் திரும்பியவர்கள் சென்னையில் சொன்ன புகார்கள் குறுக்கே நின்றன. 1872-ல் விசாரணைக் குழு அமைந்தது; இந்தியக் குடியேற்றக் காப்பாளர் என்னும் பதவி வந்தது; 1874-ல் கப்பல்கள் மறுபடி ஓடின. அதே ஆண்டில் ஆள் வரவழைக்கும் பொறுப்பு முதலாளிகள் கை ஓங்கிய ஒரு வாரியத்திடம் போயிற்று. அதற்கு அரசு ஆண்டுதோறும் 10,000 பவுன் மானியம் தந்தது. பொறுப்பாட்சி பெற்ற வெள்ளையர் அரசு 1894-ல் மானியத்தை நிறுத்தியதே தவிர, ஆள் எடுப்பதை நிறுத்தவில்லை. இந்த ஏற்பாட்டுக்குள் காப்பாளர் என்ன செய்திருக்க முடியும்? தனியார் துரையை எச்சரிக்கலாம். ரயில்வேயை எச்சரிப்பதென்றால் தன் சக அதிகாரிக்குக் கடிதம் எழுதுவதுதான்.

முறையிடும் வழியே சட்டத்தால் ஒடுக்கப்பட்டிருந்தது. அனுமதிச் சீட்டில்லாமல் வெளியே போனால் குற்றம். 1891-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போனது: ஒரே இடத்தில் வேலை செய்பவர்கள் கூட்டாக வேலையை விட்டுப் புகார் சொல்லப் போனால், புகார் உண்மையாகவே இருந்தாலும் தண்டனை உண்டு. தண்டவாளம் பழுதுபார்க்கும் கூட்டத்தாருக்கு இதன் பொருள் எளிது. அவர்கள் நகரிலிருந்து மைல்கணக்கில் தள்ளிக் கிடந்தார்கள். மேஸ்திரி அடித்தார் என்று மாஜிஸ்திரேட்டிடம் போய்ச் சேருவதற்குள்ளேயே குற்றவாளிகள் ஆகிவிடுவார்கள்.

1894-ல் பாலசுந்தரம் என்ற தமிழர் முன்பற்கள் உடைந்து, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி காந்தியிடம் வந்த நிகழ்ச்சியை எல்லாரும் அறிவோம். நான் கவனிக்கச் சொல்வது அதன் நடைமுறைப் பகுதியை. மருத்துவர் சான்று கொடுத்தார், மாஜிஸ்திரேட் அழைப்பாணையில் கையெழுத்திட்டார், எல்லாம் முறைப்படி நடந்தது. ஆனாலும் பாலசுந்தரத்துக்குக் கிடைத்தது விடுதலையன்று; ஒப்பந்தம் வேறொரு ஐரோப்பியர் பெயருக்கு மாற்றப்பட்டது, அவ்வளவே. அதற்கு ஓராண்டு முன்னர் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் தள்ளிவிடப்பட்ட காந்தி, ரயில்வேயின் பொது மேலாளருக்கு நீண்ட தந்தி கொடுத்திருந்தார். மேலாளர் தம் ஊழியர் செய்ததைச் சரியென்றே சொன்னார். பயணி போய்ச் சேர ஏற்பாடு மட்டும் செய்தார். முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்த பாரிஸ்டருக்கே கிடைத்த நியாயம் துறைக்குள் முடிந்துபோன நியாயம். அதே மேலாளரின் கீழ்க் கம்பி தூக்கிய தமிழருக்குத் தந்தி அடிக்கும் வசதியும் இல்லை.

இதற்கு எதிராக ஒரு வாதம் எழும். நேட்டால் நீதிமன்றங்கள் எப்போதும் அரசின் பக்கமே சாய்ந்தன என்று சொல்ல முடியாது. உண்மைதான். 1897-ஆம் ஆண்டு வணிக உரிமச் சட்டத்தின் கீழ் டர்பன் நகரமன்றம் சோம்நாத் மகராஜுக்கு உரிமம் மறுத்தபோது, நடைமுறை நேர்மையாக இல்லை என்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மன்றம் மறுபடி கூடியது, மறுபடி மறுத்தது. நியூகாசில் வணிகர் வாண்டாவின் வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் 1899-ல் தீர்ப்புச் சொன்னது: இச்சட்டப்படி நகரமன்றத்தின் முடிவை எதிர்த்து நீதிமன்றம் போக வழியில்லை. அதே 1897-ல் வந்த குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டமும் எந்த இனத்தையும் பெயர் சொல்லவில்லை. ஐரோப்பிய மொழியொன்றில் விண்ணப்பம் எழுதத் தெரிய வேண்டும் என்றது, அவ்வளவே. கப்பல்தளத்தில் நிற்கும் அதிகாரியே தேர்வாளர். நீதிபதி நல்லவராக இருந்தால் சட்டத்தை அவர் வாசலுக்கு வெளியே வைத்து எழுதினார்கள். நேட்டாலின் சட்டத் திறமை இங்கேதான் வெளிப்பட்டது; பிற குடியேற்ற நாடுகளுக்கும் அதையே பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகள் அமைச்சர் சேம்பர்லின் அதே ஆண்டில் பரிந்துரைத்தார்.

கீழ் நீதிமன்றம் இந்த எந்திரத்தில் நேரடியாகப் பூட்டப்பட்டது மூன்று பவுன் வரியால். 1895-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் எழுதாமல் தங்குபவர் ஆண்டுக்கு மூன்று பவுன் கட்ட வேண்டும். ஒப்பந்தத்தின் ஐந்தாம் ஆண்டில் மாதச் சம்பளம் 14 ஷில்லிங். வரி 60 ஷில்லிங். நான்கு மாதச் சம்பளத்துக்கும் மேல். பின்னர் வளர்ந்த பிள்ளைகளுக்கும் வரி விழுந்தது. கட்டாதவர் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட்டார். கட்டும்படி இட்ட ஆணையை மீறினால் நீதிமன்ற அவமதிப்பு என்று சிறை. தப்பிக்க ஒரே வழி மறு ஒப்பந்தம். வரி வசூலிப்பு வழக்கு என்று பதிவான ஒன்றின் முடிவு, நடைமுறையில், ஆள் சேர்ப்பு. பெண்களுக்கு விலக்களிக்கும் விருப்புரிமையை 1910-ல் மாஜிஸ்திரேட்டுகளுக்குக் கொடுத்தார்கள். அதனால் விலக்கு என்பது எந்த ஊர் நீதிமன்றத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்ததாயிற்று.

1913 அக்டோபரில் நியூகாசில் வட்டாரத்தில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் மூன்று துறைகளுக்கும் இடையே இருந்த மெல்லிய திரையும் விலகியது. சுரங்கத்தாரும் ரயில்வே ஆட்களும் வேலையை விட்டார்கள். நவம்பரில் டிரான்ஸ்வால் எல்லை கடந்து நடந்தவர்களைச் சிறப்பு ரயில்களில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். சிறைகள் போதவில்லை, எனவே சுரங்க வளாகங்களையே சிறையின் கிளைகளாக அறிவித்து, சுரங்க ஊழியர்களை வார்டர்களாக்கினார்கள். நீதிமன்றம் விதித்த தண்டனை, விட்டு வந்த அதே வேலை.

1914-ஆம் ஆண்டு இந்தியர் நிவாரணச் சட்டம் வரியை நீக்கிற்று. ஒப்பந்தக் குடியேற்றம் 1911-லேயே நின்றுவிட்டது. நேட்டால் ரயில்வேயோ 1910-ல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவானதும் தென்னாப்பிரிக்க ரயில்வேயில் கரைந்தது. 1924-க்குப் பின் ஹெர்ட்ஸாக் அரசு ‘நாகரிகத் தொழிலாளர்’ கொள்கையை அறிவித்து, ரயில்வே வேலைகளில் ஏழை வெள்ளையரை அமர்த்தியபோது, இந்தியர்களும் வெளியேற்றப்பட்டார்கள். அப்போது எந்தக் காப்பாளரும் தேவைப்படவில்லை. ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தால்தானே அதை மீறியதாக வழக்குப் போட முடியும்.