சம்பளம் வேண்டாம் என்று சொல்லும் தலைவர்கள்

நாட்டுக்குக் கஷ்டகாலம் வந்துவிட்டால் டீக்கடையில் முதலில் கிளம்பும் கேள்வி இதுதான்: "இந்த எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் எல்லாம் எதுக்குச் சம்பளம் வாங்கணும்? விட்டுக்கொடுத்தா என்ன?" நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். கொஞ்சம் வரலாறு படித்த பிறகு அவ்வளவு சுலபமாகத் தலையாட்ட முடியவில்லை.

முதலில் நம் நாட்டுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின் நடுவே, எம்.பி.க்களின் சம்பளத்தை ஓராண்டுக்கு 30% குறைக்க மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. அப்போது அவர்களின் மாதச் சம்பளம் 1 லட்சம் ரூபாய். படிப்பது காமர்ஸ், கால்குலேட்டரைத் தொடாமல் இருக்க முடியுமா? ஒருவருக்கு மாதம் 30,000 ரூபாய், வருடத்துக்கு 3.6 லட்சம். இரண்டு அவைகளிலும் சேர்த்து 788 இடங்கள். மொத்தம் சுமார் 28 கோடி. அதே நாளில் எம்.பி.க்களின் தொகுதி மேம்பாட்டு நிதியையும் இரண்டு வருடங்களுக்கு நிறுத்தினார்கள். அதனால் கிடைக்கும் என்று அரசு சொன்ன தொகை 7,900 கோடி! 28 எங்கே, 7,900 எங்கே? ஆனாலும் என் நினைவில் தங்கியது சம்பளச் செய்திதான்.

ஆக, சம்பளத்தை விட்டுக்கொடுத்தால் கஜானா நிரம்பிவிடாது. அது ஒரு அடையாளம், அவ்வளவுதான். 'அடையாளம்தானே, இருந்துவிட்டுப் போகட்டுமே, அதில் என்ன கெடுதல்?' என்று கேட்கலாம். கெடுதல் என்ன என்பதை ஏதென்ஸ் நகரம் 2,400 வருடங்களுக்கு முன்பே பார்த்துவிட்டது.

ஏதென்ஸில் பொதுப்பதவிகளுக்குத் தேர்தலைவிடக் குலுக்கலில்தான் அதிகம் பேரை எடுப்பார்கள். வேலையை விட்டுவிட்டு வரும் ஏழைக்கு அன்றைய கூலி போய்விடுமே? அதனால் கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் பெரிக்ளிஸ் நீதிமன்ற நடுவர்களுக்குப் படி கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். பிறகு அது நாளைக்கு 3 ஓபல் ஆனது. ஒரு கைத்தொழிலாளியின் நாள்கூலியில் ஏறக்குறையப் பாதி.

கி.மு. 413-இல் சிசிலிப் போரில் ஏதென்ஸ் பெரும் படையை இழந்தது. கஜானா காலி. கி.மு. 411-இல் ஒரு செல்வந்தர் கூட்டம் கிளம்பியது. போர் முடியும்வரை ஒரு சில பதவிகளைத் தவிர வேறு யாருக்கும் சம்பளம் கூடாது, இருக்கிற பணமெல்லாம் போருக்கே என்றார்கள். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் அதோடு இன்னொன்றும் சேர்ந்து வந்தது: பணத்தாலும் உடலாலும் நகரத்துக்கு உதவக்கூடிய 5,000 பேருக்கு மட்டுமே அரசியல் உரிமை. கடைசியில் 400 பேர் கத்தியோடு, இளைஞர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு மன்றத்துக்குள் நுழைந்தார்கள். குலுக்கலில் வந்த உறுப்பினர்களிடம், மீதிக் காலத்துச் சம்பளத்தைக் கையில் கொடுத்து, வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அந்த ஆட்சி சில மாதங்களில் கவிழ்ந்தது. ஆனாலும் 'சம்பளம் வேண்டாம்' என்பது 'ஏழை வேண்டாம்' என்று மாற எவ்வளவு நேரம் பிடித்தது என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து, நம் நாடாளுமன்ற முறைக்கு முன்மாதிரியான இங்கிலாந்து. 1838-இல் சார்ட்டிஸ்ட் இயக்கத் தொழிலாளர்கள் வைத்த ஆறு கோரிக்கைகளில் ஒன்று, எம்.பி.க்களுக்குச் சம்பளம் வேண்டும் என்பது. ஆமாம், எம்.பி.க்குச் சம்பளம் கொடு என்று கேட்டதே தொழிலாளர்கள்தான்! சம்பளம் இல்லாத சபையில் நிலமும் சொத்தும் உள்ளவன்தானே உட்கார முடியும்? பின்னால் தொழிற்கட்சி எம்.பி.க்களுக்குத் தொழிற்சங்கங்கள் பணம் கொடுத்துவந்தன. 1909-இல் ஆஸ்பர்ன் வழக்கின் தீர்ப்பு அதற்கும் தடை போட்டது. 1911-இல்தான், லாய்ட் ஜார்ஜ் நிதியமைச்சராக இருந்தபோது, வருடத்துக்கு 400 பவுண்டு சம்பளம் வந்தது. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவே 73 வருடங்கள்.

இருபது வருடம் கழித்து உலகப் பொருளாதார மந்தம். 1931-இல் மெக்டொனால்டின் தேசிய அரசு செலவைக் குறைக்க முடிவெடுத்தது. எம்.பி.க்களின் சம்பளம் 400-லிருந்து 360 பவுண்டாக இறங்கியது, அதாவது 10%. அமைச்சர்களுக்கும் வெட்டு. வேலையில்லாதவர்களின் உதவித்தொகையிலும் 10%. ஆசிரியர்களுக்கு 15% என்றார்கள். கடற்படையில் பழைய விகிதத்தில் சம்பளம் வாங்கிய சாதாரண மாலுமிக்கு நாளைக்கு 4 ஷில்லிங் இருந்தது, அது 3 ஆகும் என்றார்கள். அதாவது 25%! 1931 செப்டம்பரில் இன்வர்கார்டன் துறைமுகத்தில் மாலுமிகள் வேலைக்குப் போக மறுத்தார்கள். அரசு இறங்கிவந்து வெட்டை 10 சதவீதத்துக்குள் நிறுத்தியது, ஆசிரியர்களுக்கும்தான். எம்.பி.க்களின் சம்பளம் 1935-இல் மீண்டும் 400 ஆனது.

இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குப் புரிவது இதுதான். கஷ்டகாலத்தில் மக்கள் பிரதிநிதிகளின் சம்பளத்தைக் குறைப்பதில் தப்பே இல்லை. ஆனால் அது சட்டப்படி நடக்க வேண்டும், எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும், எப்போது முடியும் என்று தெரிய வேண்டும். மாலுமியிடம் 25% கேட்டுவிட்டுத் தான் 10% கொடுப்பதாக இருக்கக் கூடாது. நம் 2020 வெட்டு ஓராண்டுக்கு என்று வரம்பு போட்டு வந்தது, அந்த மட்டில் சரி. ஆனால் 'முழுச் சம்பளமும் வேண்டாம்' என்பது வேறு. சொத்துள்ளவர் அதைச் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். பக்கத்து இருக்கையில் மாதச் சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்தும் ஒருவர் இருந்தால் அவரும் அதையே சொல்லியாக வேண்டிய கட்டாயம் வரும். அடுத்த தேர்தலில் அப்படிப்பட்டவர் நிற்கவே யோசிப்பார்.

அதனால் இனி யாராவது 'எனக்குச் சம்பளமே வேண்டாம்' என்று மேடையில் சொன்னால், கைதட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கலாம் என்றிருக்கிறேன்: "அப்படியானால் உங்கள் வீட்டு அடுப்பு எந்தப் பணத்தில் எரிகிறது ஐயா?"