பவ்லோவா தேடிய நடனமாது

கலேவெலவிலிருந்து தம்புள்ளை வழியாகச் சிகிரியாவுக்குச் சுற்றுலாப் போகாத பாடசாலைப் பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் அரிது. சுருள் படிகளில் ஏறிச் சென்றால், பாறைச் சுவரிலே பூவேந்திய பெண்கள் நிற்பார்கள். இடைக்குக் கீழே முகில் சூழ்ந்திருக்கும். அவர்களுக்குப் பாதங்களே இல்லை. அந்த ஓவியப் பெண்களை வரிசையில் நின்று பார்த்து வியக்கிறோம். ஆனால் நம்மிடையே உயிரோடு இருந்து பாதம் பதித்து ஆடியவர்களை எப்படி நடத்தினோம்? நேயர்களே, இந்தக் கேள்வியோடுதான் ருஷ்யப் பலே நர்த்தகி அன்னா பவ்லோவாவின் கதையை இன்று சொல்ல எடுத்துக்கொண்டேன்.

பவ்லோவா 1881ஆம் ஆண்டு சென் பீட்டர்ஸ்பேர்க் நகரிலே பிறந்தவர். தாய் சலவைத் தொழில் செய்தவர். குறைமாதக் குழந்தை, மெலிந்த உடம்பு. சிறுமியாக இருந்தபோது ஒருநாள் தாய் அவரை மரின்ஸ்கி அரங்குக்கு அழைத்துச் சென்று 'உறங்கும் அழகி' என்ற பலே நாடகத்தைக் காட்டினார். அன்றே அந்தப் பிள்ளை தன் வாழ்வைத் தீர்மானித்துவிட்டது. அரச நாடகப் பள்ளி முதலிலே அவரை ஏற்கவில்லை. 1891இல், பத்து வயதில், இடம் கிடைத்தது.

அங்கே எட்டு ஆண்டுகள். மணியடித்தால் எழும்ப வேண்டும், மணியடித்தால் உண்ண வேண்டும். நாள் தவறாமல் சுவரோரக் கம்பைப் பிடித்தபடி ஒரே கால் அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இது நமக்குப் புதிதல்ல. கண்டிய நடனம் பயிலும் பிள்ளையும் 'பா சரம்ப' எனப்படும் பன்னிரண்டு காற்பயிற்சிகளில்தான் தொடங்குகிறது. நம் பரத மாணவிக்கோ தட்டடவு. காலை முதலில் அடக்காமல் உலகில் எந்த நடனமும் பிறப்பதில்லை போலும்.

பவ்லோவாவின் உடல்வாகு அக்காலத்து ரசனைக்கு ஒத்ததன்று. கட்டையான, தசைப்பிடிப்புள்ள நர்த்தகிகளை விரும்பிய காலம் அது. இவருக்கோ நீண்ட மெல்லிய கைகால்கள், அளவுக்கு மிஞ்சி வளைந்த பாதம், வலுவற்ற கணுக்கால். சக மாணவிகள் 'விளக்குமாறு' என்று பட்டம் வைத்தார்கள். இத்தாலிய நர்த்தகிகள் ஒற்றைக் காலில் முப்பத்திரண்டு முறை சுழன்று சபையைக் கிறங்க வைத்த நாட்கள் அவை. தாமும் அவ்வாறு சுழலப் பார்த்த மாணவியை ஆசிரியர் பாவெல் கெர்ட் தடுத்தார். வித்தை காட்டுவதை மற்றவர்களுக்கு விட்டுவிடும்படியும், அவருடைய மென்மையே அவருடைய பலம் என்றும் அறிவுறுத்தினார். ஒரு மாணவியின் குறையென்று ஊர் சொன்னதையே அவளது வழியாகக் காட்டினாரே, அவரல்லவா ஆசிரியர்! பின்னாளில் என்ரிக்கோ செக்கெற்றி என்ற இத்தாலிய ஆசானிடமும் பவ்லோவா தனியே பயின்று கால்களை உறுதிப்படுத்திக்கொண்டார்.

1899இல் பள்ளிப் படிப்பு முடிந்து மரின்ஸ்கி குழுவிலே சேர்ந்தார். 1906இல் முதன்மை நர்த்தகியானார். மிஹயில் ஃபோகின் அவருக்கென்றே அமைத்த 'இறக்கும் அன்னம்' சில நிமிடங்களே நீளும் ஆட்டம். உலகம் அவரை அதனாலேயே நினைவில் வைத்திருக்கிறது.

நமக்கு வேண்டியது வேறொரு வேடம். 1902இல் 'லா பயடேர்' என்ற பலே நாடகத்தில் அவர் நிக்கியா என்ற இந்தியக் கோயில் நர்த்தகியாக ஆடினார். மரியுஸ் பெட்டிப்பா 1877இல் அமைத்த நாடகம் அது. இந்தியாவைக் காணாமலே புனையப்பட்ட இந்தியா. அங்கே தேவதாசியும் பலே உடையில் விரல் நுனியில் நின்றாள். இத்தனைக்கும் மெய்யான தேவதாசியர் 1838ஆம் ஆண்டிலேயே பரீசுக்குச் சென்று ஆடியிருக்கிறார்கள். பாண்டிச்சேரிக்கு அருகிலுள்ள திருவகீந்திரபுரத்திலிருந்து சென்ற அம்மணி என்பவருக்கு அங்கே சிலை வடித்தார்கள். ஐரோப்பா அவர்களைப் பார்த்துக் கைதட்டியது. பின்னர் தன் கற்பனைக்கே திரும்பிவிட்டது.

பவ்லோவா அந்தக் கற்பனையோடு நின்றுவிடவில்லை. 1912இல் லண்டனிலே வீடு வாங்கி, சொந்தக் குழு அமைத்து, கண்டம் கண்டமாகச் சுற்றினார். (அவுஸ்திரேலியரும் நியூசிலாந்தரும் அவர் பெயரால் ஓர் இனிப்புப் பண்டம் செய்து, அதை முதலில் செய்தவர் யாரென்று இன்னும் வழக்காடுகிறார்கள்.) 1922இல் ஜப்பான், சீனா வழியாக இந்தியா வந்தார். கல்கத்தாவிலும் பம்பாயிலும் ஆடினார். தாம் வேடமிட்டு ஆடிய அந்தக் கோயில் நர்த்தகியை நேரிலே காண விரும்பித் தேடினார். கிடைக்கவில்லை. படித்தவர்கள் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசவே கூசிய காலம். அவருக்குக் கிடைத்தது அஜந்தாவின் சுவர்தான். அந்த ஓவியங்களைக் கொண்டே 1923இல் ஒரு பலே நாடகமும் மேடையேற்றினார்.

அதே ஆண்டு லண்டனிலே ஓவியம் படித்துக்கொண்டிருந்த உதயசங்கர் என்ற இளைஞர் அவருக்கு அறிமுகமானார். இருவரும் ராதையும் கிருஷ்ணனுமாக ஆடினார்கள். பலே கற்க விரும்பிய அந்த இளைஞரை, உன் நாட்டு நடனத்தைப் போய்த் தேடு என்று பவ்லோவா திருப்பிவிட்டார் என்பர்.

அடுத்த வருகையின்போது, 1928இல், பம்பாயிலே அவர் ஆடக் கண்டவர்களுள் மதுரையில் பிறந்த ருக்மிணி அருண்டேலும் ஒருவர். அதன்பின் அவுஸ்திரேலியாவுக்குச் சென்ற கப்பலில் இருவரும் சேர்ந்து பயணம் செய்ய நேர்ந்தது. ருக்மிணிக்குப் பலே கற்பிக்கும்படி தம் குழுவிலிருந்த கிளியோ நோர்டியைப் பவ்லோவா ஏற்படுத்தினார். ஆனால் அவருக்கும் அதே அறிவுரைதான்: உன் மண்ணிலே பார்.

1931 ஜனவரி 23இல், ஐம்பது வயது நிறைய மூன்று வாரம் இருக்கையில், பவ்லோவா ஹேக் நகரிலே நுரையீரலுறை அழற்சியால் காலமானார். லண்டன் அரங்கொன்றில் அன்னத்தின் இசையை வாசித்து, வெறும் மேடையிலே விளக்கொளியை மட்டும் பாய்ச்சினார்கள். சபை எழுந்து நின்றது.

ருக்மிணி தேவி 1935 டிசெம்பர் 30இல் அடையாற்றிலே பரதம் ஆடினார். மறு ஆண்டு கலாக்ஷேத்திரம் உருவாயிற்று. நம் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலர் அங்கே சென்று பயின்று வந்தனர். இதெல்லாம் பெருமைதான். எனினும் பிராமணப் பெண்ணொருவர் ஆடியதும் மதிப்புப் பெற்ற அதே கலை, அதை அழியாமல் காத்த குலத்துப் பெண்களுக்கு அந்த மதிப்பைத் தரவில்லை. 1947இல் சென்னை மாகாணச் சட்டம் தேவதாசி முறையை ஒழித்தது. சுரண்டல் ஒழிய வேண்டியதுதான். ஆனால் ஆடியவளின் மேடையும் அதோடு போயிற்று. எங்கள் மலைநாட்டிலும் 'கொஹொம்பா கங்காரிய' சடங்கில் விடிய விடிய ஆடிய பெரவா குலத்தவரைத் தாழ்வாகவே வைத்திருந்தோம். அவர்களது நடனமோ இன்று நாட்டின் அடையாளமாக விளங்குகிறது.

ருக்மிணி தேவிக்கு முதலில் கற்பித்தவர்களுள் ஒருவர் மயிலாப்பூர் கௌரி அம்மாள். கபாலீசுவரர் கோயிலைச் சேர்ந்த கடைசித் தேவதாசி என்பார்கள். பாலசரஸ்வதிக்கும் அவரே அபிநயம் சொல்லிக்கொடுத்தார். முதுமையில் வறுமைப்பட்டு 1971இல் மறைந்தார். 1922இல் பவ்லோவா தேடி வந்தபோது கௌரி அம்மாளுக்கு ஏறக்குறைய முப்பது வயது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் கிடைக்காத அந்த நடனமாது மயிலாப்பூரிலே இருந்தார்.